த.பா. போட்ட வண்டி

நம் பணிமனையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். என் சாதனைகளைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து உடனே ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சாதனைகள் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. மீதி மூன்றரைப் பக்கத்துக்கு என்னிடம் இருப்பது ஒரு பழைய பிக்கப் வண்டியின் கதை மட்டும்தான்.

முதலில் அந்த அரைப் பக்கத்தை முடித்துவிடுகிறேன். திருவொற்றியூரில் நீங்கள் இப்போது நிற்கிற அதே இடத்தில் முப்பத்தோரு வருடம் நின்றேன், கடைசிப் பதினாறு வருடம் ஃபோர்மேனாக. கம்பெனி பழைய வண்டி எது வாங்கினாலும் முதலில் நான் அடியில் படுப்பேன். சேசிஸ், அதாவது வண்டியின் மொத்தப் பாரத்தையும் தாங்குகிற அந்த இரண்டு நீள இரும்புச் சட்டங்களை, ஒரு சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே வருவேன். உங்களுக்கு இது தெரியும். உங்கள் வீட்டில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல இரும்பு 'டங்' என்று பேசும். உள்ளே உளுத்த இரும்பு 'பொத்' என்று முனகும். எல்லாம் சரியாக இருந்தால் சேசிஸில் சாக்பீஸால் 'த.பா.' என்று எழுதுவேன். தட்டிப் பார்த்தாச்சு என்று அர்த்தம். டிரைவர்கள் அதை வைத்து எனக்குத் 'தபால்' என்று பேர் வைத்தார்கள். கூப்பிடும்போது முறைப்பேன், உள்ளுக்குள் பிடித்திருந்தது.

ஒருமுறை துறைமுகத்தில் ஏலத்துக்கு நின்ற ஆறு டிரெய்லர்களில் நாலாவது வேண்டாம் என்றேன். புதுப் பெயிண்ட் அடித்து மாப்பிள்ளை மாதிரி நின்ற வண்டி. திங்கட்கிழமைக்குள் ஆறும் வேண்டும் என்று மேனேஜர் குதித்தார், புரோக்கர் சிரித்தார், நான் 'த.பா.' போட மறுத்துவிட்டேன். வேறு யாரோ வாங்கிப்போனார்கள். மூன்று மாதம் கழித்து அது எண்ணூர் சாலையில் சரக்கோடு இரண்டாக மடிந்து கிடந்தது. அரை நாள் போக்குவரத்து நின்றது. நானும் ஒரு ஷேர் ஆட்டோவில் மாட்டிக்கொண்டேன். அந்த ரோட்டில் அன்றைக்குச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். சாதனைகள் இத்துடன் முடிந்தன.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் ஆரோக்கியதாஸ் வீட்டுக்கு வந்தான். நம் கம்பெனியில் இருபது வருடம் லாரி ஓட்டியவன், ஆள் குறைப்பில் வேலை போய்விட்டது. வயது ஐம்பத்திரண்டு. ராயபுரத்தில் ஒரு சமையற்கூடம் இருந்தது. எண்ணூர் பக்கம் உள்ள தொழிற்சாலைகளுக்கு மத்தியானச் சாப்பாடு அனுப்புகிறவர்கள். சொந்த வண்டியோடு ஒன்றாம் தேதி வந்து நின்றால் அந்த வேலை தாஸுக்கு என்று சொல்லியிருந்தார்கள். தாஸ் ஓட்ட, அவன் மனைவி பிலோமினா கூடவே போய்ப் பரிமாற வேண்டும். பிலோமினா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருந்தவள். முழங்கால் தேய்ந்துபோய், இனிமேல் கூடை தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே இரண்டு பேருக்கும் இது ஒன்றுதான் வழி. புது வண்டிக்கு லோன் கேட்டால் வண்டியைப் பற்றிக் கேட்காமல் தாஸின் வயதைக் கேட்டார்கள். கையில் இருந்ததற்குப் பழைய பிக்கப்தான் வரும், அதையும் வாங்கிச் சரிபண்ண வேண்டும்.

"நீ த.பா. போட்டுட்டா போதும் நைனா. அப்பால நான் கண்ண மூடிகினு ஓட்டுவேன்" என்றான் தாஸ்.

டிரைவர் ஒருவன் இப்படிச் சொன்னால் உண்மையில் பயப்பட வேண்டும். நான் பூரித்துப்போனேன்.

முதலில் காசிமேட்டில் ஒரு வண்டி பார்த்தோம். பத்தடி தூரத்திலேயே மூக்கு சொல்லிவிட்டது, மீன் வண்டி. நம் பக்கத்தில் மீன் வண்டி என்றால் யாரும் தொட மாட்டார்கள். ஐஸ் உருகி வழிகிற உப்புத் தண்ணீர் சேசிஸை அரித்துவிடும் என்பது இங்கே பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். நான் சுத்தியை எடுக்கவே இல்லை.

பிலோமினா விடவில்லை. "அந்த ஆளு தெனிக்கும் நல்ல தண்ணில அடில கய்வி எண்ண தடவுறான்ணே. நானே பாத்துகினு கீறேன். ஒரு தபா தட்டித்தான் பாரேன்."

"மீன் வண்டியத் தட்டிப் பாக்க வேணாம்மா, மோந்து பாத்தாலே போதும்" என்றேன். என் மூக்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. இன்றைக்கும் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வண்டி சடையங்குப்பத்தில் நின்றது. செங்கல் ஏற்றிய வண்டி, கடல் காற்றுகூட அதிகம் படாத வண்டி என்று சொந்தக்காரர் சொன்னார். மோந்து பார்த்தேன், மீன் வாசனை துளியும் இல்லை. பாதி மனம் அங்கேயே சாய்ந்துவிட்டது. உச்சி வெயிலில் அடியில் படுத்துத் தட்டிக்கொண்டே வந்தேன். டங், டங், டங். பிலோமினா ஓரமாகக் குடை பிடித்துக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, பின்னாடி அந்த எடத்துல மட்டும் சத்தம் வேற மாரி கீது. பொத்துன்னு கீது."

வண்டிக்காரர் வானத்தைப் பார்த்தார். ஃபோர்மேனாக இருந்த பதினாறு வருடத்தில் இப்படி வானம் பார்த்த எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது கண்ணில் படவில்லை, பிலோமினா சொன்னதுதான் காதில் குத்தியது.

"அது மட்கார்டு சத்தம்மா. மீனுக்குச் செவுள் பாக்கறது உன் வேல, இரும்புக்குக் காது குடுக்கறது என் வேல" என்று சொல்லிச் சிரித்தேன். தாஸும் சிரித்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். அதற்காகவே வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறான். 'த.பா.' என்று எழுதினேன்.

வண்டியை இஸ்மாயில் பாயின் ஷெட்டில் விட்டோம். பாய் நம்முடைய பழைய வெல்டர். ஓய்வுக்குப் பிறகு திருவொற்றியூரிலேயே சொந்தமாக ஷெட் போட்டிருந்தார். இஞ்சினைப் பிரித்தது, புதுப்பேட்டையில் பொருத்தமான கதவு தேடியது எல்லாம் நீங்கள் தினமும் செய்வதுதான், அதை எழுதினால் தூங்கிவிடுவீர்கள். சொல்ல வேண்டியது வேறு. பிலோமினா தினமும் ஷெட்டுக்கு வந்துவிடுவாள். வலிக்கிற முழங்காலை நீட்டி உட்கார்ந்து, உப்புத்தாளால் கதவின் துருவைத் தேய்ப்பாள். அவள் அப்பாவின் படகுக்கு அடித்த நீலம்தான் வேண்டும் என்று யானைக்கவுனி வரைக்கும் போய் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்து வாங்கி வந்தாள். இஞ்சின் உயிர் பெறுவதற்கு முன்பே தாஸ் டேஷ்போர்டில் அந்தோணியார் படத்தை ஒட்டிவிட்டான்.

ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தபோது, பின் சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி வைத்துத் தூக்கினோம். ஜாக்கி மேலே போனது, வண்டி மேலே வரவில்லை. டீயில் நனைந்த வர்க்கிக்குள் விரல் போவது மாதிரி ஜாக்கியின் தலை சேசிஸுக்குள் போய்விட்டது. துருவும் அதோடு காய்ந்த சேறும் கொட்டின.

பாய் அந்தச் சேற்றை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "இது செங்கமண்ணு இல்ல நைனா, வண்டலு. வண்டி மயத் தண்ணில ரொம்ப நாளு நின்னுகீது."

சடையங்குப்பம் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீரில் நிற்கும் என்பதும் பால் குடிக்கிற குழந்தைக்குத் தெரியும். கடலுக்குப் பயந்து ஓடியவன், மழை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன். சரி, அது அறிவு செய்த பிசகு. ஆனால் தட்டிப் பார்த்தேனே? சுத்தியை எடுத்து நல்ல இடத்தில் தட்டினேன், டங். ஓட்டை விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் தட்டினேன், டங். மறுபடியும் இரண்டையும் தட்டினேன். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

"பாய், சத்தம் எப்டி கீது?"

பாய் சுத்தியை வாங்கி இரண்டு இடத்திலும் தட்டினார். "இது டங்குன்னு கீது. அது பொத்துன்னு கீது. இன்னா நைனா, கேக்கலியா?"

"கேக்குது, கேக்குது" என்றேன்.

முப்பத்தோரு வருடம் கிரைண்டருக்கும் சம்மட்டிக்கும் நடுவில் நின்ற காது. பணிமனையில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், அதனால் குறை தெரியவில்லை. வீட்டில் டி.வி. சத்தத்தைப் பற்றி இரண்டு வருடமாகப் புகார் இருந்தது. என் மனைவிக்குக் காது கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் தாஸும் பிலோமினாவும் அண்டா வாங்கப் போயிருந்தார்கள். உளுத்த பாகத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புது இரும்பு வைக்கலாம். இரண்டு வாரம் ஆகும், ஒன்றாம் தேதி போய்விடும். இல்லாவிட்டால் மேலே ஒரு மெல்லிய தகடு வைத்து, பட்டி பூசி, கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடலாம். மற்றவர்கள் அப்படிச் செய்ததை வாழ்நாள் முழுக்கக் கண்டுபிடித்தவனுக்கு அதை எப்படிச் செய்வது என்று தெரியாதா?

"தாஸ் கிட்ட சொல்லிட்லாம்" என்றார் பாய்.

"அவன் பயந்துடுவான் பாய். பொய்ப்பு போய்டும்."

சொன்னது அவன் பிழைப்பை, நினைத்தது என் பேரை. இதை எழுதும்போதும் கூசுகிறது. பாய் வெல்டிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார், நான் முடிக்கும்வரை திரும்பி வரவில்லை. தகட்டை நானே வைத்தேன், பட்டியை நானே பூசினேன். கறுப்புப் பெயிண்ட் காய்ந்ததும், அதன் மேல் புதிதாக 'த.பா.' என்று எழுதினேன். பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. அது பொய், தெரிந்தேதான் எழுதினேன்.

சமையற்கூடத்தின் சார்பில் வண்டியைச் சோதிக்க வந்தவன் குமரேசன். நம் பணிமனையில் என் கீழே நாலு வருடம் இருந்தவன், நல்ல வேலைக்காரன். டார்ச்சோடு குனிந்தான். டார்ச் வெளிச்சம் நேராக என் எழுத்தின் மேல் விழுந்தது. உடனே நிமிர்ந்துவிட்டான்.

"நீங்க போட்டதா சார்?"

"ஆமா."

"அப்ப சரி சார்."

கையெழுத்துப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தாஸ் என்னைக் கட்டிப்பிடித்தான். பிலோமினா மறுநாள் ஒரு முழு வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்தாள், வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. முள் குறைந்த மீன்தான், அன்றைக்கு ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்றது.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் ராயபுரத்தில் கோயில் வாசலில் வண்டியை மந்திரிக்க ஏற்பாடு. நீல வண்டிக்கு மாலை போட்டு, அக்கம்பக்கம் எல்லாம் கூடி நின்றது. பாதர் தீர்த்தச் செம்போடு வந்துகொண்டிருந்தார். நாளைக்கு முதல் நடை. தாஸ் வழியெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தான், எந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நெருக்கும், எந்தப் பள்ளத்தில் மெதுவாக இறங்க வேண்டும் என்று.

"நீ முன்னாடி சீட்ல ஒயுங்கா உக்காந்துக்கோம்மா" என்றேன் பிலோமினாவிடம், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"நான் பின்னாடி ஏறிக்கிறேன்ணே. சாம்பாரு கொதிக்க கொதிக்கப் போவும். அண்டா ஆடாம புட்சிக்க ஆளு வோணுமே."

ஆள் ஏறக் கூடாத இடம் என்பது ஒருபுறம். அவள் கை காட்டிய இடம் பின் சக்கரத்துக்கு நேர் மேலே. என் தகட்டுக்கு மேலே ஒரு பலகை, பலகைக்கு மேலே கொதிக்கிற அண்டா, அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி பிலோமினா. துறைமுக ஏலத்து டிரெய்லர் ரோட்டில் மடிந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன், அப்போது சிரித்தும் இருக்கிறேன்.

"தாஸு, வண்டிய எடுக்காத" என்றேன்.

"இன்னா நைனா?"

"சேசிஸ் உள்ள உளுத்துக் கீது. தகடு வெச்சி மூடினது நான்தான்."

மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். காது கேட்காதவனின் மெதுவான குரல் எப்படி இருக்கும் என்று பிறகு மனைவி சொன்னாள். கோயிலுக்குள் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம். தாஸ் மாலையைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"த.பா. போட்டுக் கீறியே நைனா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான்.

பிலோமினாதான் வெடித்தாள். "பொத்துன்னு கேக்குதுன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"சிரிச்சியா இல்லியா?"

"சிரிச்சேன்."

பாதர் செம்போடு நடுவில் நின்றுகொண்டிருந்தார். உளுத்த வண்டிக்குத் தெளிப்பதா, தெளிக்காமல் திரும்பிப் போவதா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியில் வண்டி மேல் ஒரு துளி தெளித்துவிட்டு, என் பக்கம் திரும்பி நன்றாகவே தெளித்தார்.

அடுத்த பதினோரு நாள் தாஸ் என்னோடு பேசவில்லை. ஆனால் வண்டியைப் பாயின் ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். பாய் உளுத்ததை வெட்டியெடுத்துப் புது இரும்பு வைத்தார். இந்தத் தடவை டீ குடிக்கப் போகவில்லை. நான் அவருக்குக் கம்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு வேலை வேறொரு வண்டிக்காரனுக்குப் போய்விட்டது. நானே சமையற்கூடத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர்களிடம் மிச்சம் இருந்தது காலை டிபன் நடை. அதில் வருமானம் குறைவு, விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும், அதனால் யாரும் எடுக்காமல் கிடந்தது. தாஸ் எடுத்துக்கொண்டான். என் பேரைக் காப்பாற்ற நான் செய்த வேலைக்கு, அவன் தன் தூக்கத்தைக் கொடுத்தான்.

குமரேசனையும் போய்ப் பார்த்தேன். "நீ ஏன்டா தட்டிப் பாக்கல?"

"உங்க எழுத்து மேல சுத்தி வெக்க கை வரல சார்."

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். என்னைப் போன்ற பழைய ஆட்கள் 'பார்த்தாச்சு' என்று சொன்னால், மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மறுபடியும் தட்டிப் பாருங்கள். எங்கள் முன்னாலேயே தட்டுங்கள். கோபித்துக்கொள்வோம், அதனால் ஒன்றும் ஆகாது. ஓரமாகக் கல்லின் மேல் குடை பிடித்து உட்கார்ந்திருப்பவர் ஏதாவது சொன்னால், சிரிப்பதற்கு முன்னால் சுத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

புது இரும்பு வைத்து முடிந்த அன்று பிலோமினாவைக் கூப்பிட்டேன். நான் அடியில் படுத்துத் தட்டினேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒவ்வொரு அடிக்கும் "ம்" என்றாள், நான் கேட்கவேண்டும் என்பதற்காகக் கத்தியே சொன்னாள். முடிந்ததும் சாக்பீஸை அவளிடம் நீட்டினேன்.

"நான் இன்னாத்த எய்தறது? தட்டினது நீ."

"கேட்டது நீதானே."

யோசித்துவிட்டு என் எழுத்து இருந்த இடத்தில் 'கே.பா.' என்று பெரிதாக எழுதினாள்.

இப்போது ஒவ்வொரு நாளும் விடியற்காலை நாலே முக்காலுக்கு அந்த நீல வண்டி இட்லியும் சாம்பாருமாக எங்கள் தெரு முனையைக் கடக்கிறது. அண்டாவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறான், பிலோமினா முன் சீட்டில் உட்காருகிறாள். கடக்கும்போது தாஸ் வேண்டுமென்றே ஹாரனை நீளமாக அடிக்கிறான். "நான் முய்ச்சிகினு இருக்கசொல்ல நீ மட்டும் தூங்குவியா நைனா" என்பது அவன் கணக்கு. நியாயமான தண்டனைதான், ஆனால் ஆள் மாறிப் போய்ச் சேருகிறது. ஹாரன் எனக்குக் கேட்பதில்லை, திடுக்கிட்டு எழுவது என் மனைவி. எழுந்த கோபத்தில் முழங்கையால் என்னை ஒரு இடி இடிப்பாள்.

"போய்ட்டாங்க" என்பாள், என் காதோரம் வந்து, உரக்க.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வருகிறது.